பாலியல் ஈர்ப்பை அறிந்துகொள்ள இணைய க்விஸ்கள் எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி: கொரட்டூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. பள்ளி, கல்லூரி இரண்டையும் பெண்கள் மட்டும் படிக்கும் இடங்களில் முடித்துவிட்டு, இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெற்றோருடனும் தங்கையுடனும் வசிக்கிறேன்.

கல்லூரியில் உடன் படித்த ஒரு தோழியின் மேல் எனக்கு இருந்ததை நட்பு என்றே அப்போது சொல்லிக்கொண்டேன். ஆனால் அவளுக்குத் திருமணம் நிச்சயமானபோது எனக்கு ஏற்பட்ட வேதனை நட்பின் கணக்கில் அடங்குவதாக இல்லை. அதன் பிறகு அலுவலகத்தில் ஓர் ஆண் நண்பரிடமும் ஈர்ப்பை உணர்ந்திருக்கிறேன். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத விஷயம் என்பதால், "உங்கள் பாலியல் ஈர்ப்பை அறிந்துகொள்ளுங்கள்" என்று அழைக்கும் ஆன்லைன் க்விஸ்களை நாடினேன். ஒன்று என்னைப் பெரும்பாலும் எதிர்பாலீர்ப்பு உடையவள் என்றது. இன்னொன்று இருபாலீர்ப்பு 68 விழுக்காடு என்று ஒரு வண்ண வட்டம் வரைந்து காட்டியது. (அந்த வட்டத்துக்குக் கீழேயே ஒரு திருமணத் தகவல் தளத்தின் விளம்பரமும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) சில நாள் கழித்து அதே க்விஸை மீண்டும் செய்தபோது விழுக்காடு மாறியிருந்தது.

வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். இந்த க்விஸ்கள் ஏதாவது ஆராய்ச்சியின் அடிப்படையில் அமைந்தவையா, வெறும் பொழுதுபோக்கா? அவற்றை நம்பி ஒரு முடிவுக்கு வரலாமா? தொடர்ந்து செய்துவருவதால் ஏதேனும் தீங்கு உண்டா? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நிலாமுற்றம்

அன்புத் தங்கைக்கு வணக்கம். நான் நாற்பதைக் கடந்தவள். இருபாலீர்ப்பு உடையவள் என்று என்னை அறிந்துகொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான்: க்விஸ் சொல்லும் முடிவைத் தள்ளிவிடுங்கள், கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் "கின்சி டெஸ்ட்" என்ற பெயரில் உலவுபவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆல்ஃபிரட் கின்சி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வில் 0 முதல் 6 வரையிலான ஓர் அளவுகோலை முன்வைத்தார் என்பது உண்மை. முழுவதும் எதிர்பால் நாட்டம் உடையவருக்கு 0, முழுவதும் தன்பால் நாட்டம் உடையவருக்கு 6, பாலியல் தொடர்போ நாட்டமோ இல்லாதவர்களுக்கு எக்ஸ் என்ற தனிக்குறி என்று அதில் வகுத்திருந்தார்கள். ஆனால் கின்சியும் அவருடைய உதவியாளர்களும் ஆயிரக்கணக்கானோரை நேரில் உட்கார வைத்து, அவர்களுடைய வாழ்க்கை முழுவதையும் விரிவாகக் கேட்டறிந்த பிறகு, கேட்டவர்களே அந்த எண்ணை இட்டார்கள். பத்துப் பதினைந்து கேள்விகளுக்கு வட்டத்தைத் தொட்டுவிட்டு எண்ணைப் பெறும் தேர்வு எதையும் கின்சி உருவாக்கவில்லை. அவருடைய பெயரை மட்டும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அளவுகோலிலும் குறை உண்டு. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைந்தே தீரும் என்று அது கருதுகிறது. இரண்டு பாலினத்தவரிடமும் ஆழமான ஈர்ப்பு உடையவரும், இருவரிடமும் லேசான ஈர்ப்பு மட்டுமே உடையவரும் அதில் ஒரே எண்ணில் போய் நிற்பார்கள். மைக்கேல் ஸ்டோர்ம்ஸ் என்பவர் 1980இல் இதைச் சுட்டிக்காட்டி, இரண்டு ஈர்ப்புகளையும் இரண்டு தனி அச்சுகளில் அளக்க வேண்டும் என்று எழுதினார். இப்படிப் பார்க்கும்போதுதான் பாலியல் ஈர்ப்பே பெரிதாக எழாதவர்களுக்கும் அந்தப் படத்தில் ஓர் இடம் கிடைத்தது.

இனி உங்கள் 68 விழுக்காட்டுக்கு வருகிறேன். பல க்விஸ்களில் ஒவ்வொரு கேள்விக்கும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" தொடங்கி "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து வட்டங்கள் இருக்கும். தெளிவில்லாதவர் என்ன செய்வார்? நடுவட்டத்தைத் தொடுவார். "எனக்குத் தெரியவில்லை" என்ற பொருளில் அவர் தொட்டதை, "ஆணும் பெண்ணும் எனக்குச் சமம்" என்ற பொருளில் அந்த நிரல் கூட்டிக்கொள்ளும். குழப்பத்தோடு உள்ளே போகும் பலர் இருபாலீர்ப்பு என்ற சீட்டோடு வெளியே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் உண்மையிலேயே இருபாலீர்ப்பு உடையவராக இருக்கலாம். ஆனால் அந்த விழுக்காடு அதற்குச் சான்று ஆகாது. இன்னும் சில க்விஸ்களில் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளப் பிடிக்குமா, சிறுவயதில் பையன்களோடு கிரிக்கெட் ஆடினீர்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். அவற்றை வைத்து ஒருவருக்கு யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்று முடிவு செய்ய முடியாது. கேட்டவர் மனத்தில் உள்ள வார்ப்புருவைத்தான் அவை காட்டுகின்றன.

இந்த க்விஸ்கள் நம் ஊரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையும் அல்ல. "தோழியின் கையைப் பிடித்து நடப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டா?" என்ற கேள்வி மேலைநாடுகளில் எதையாவது பிரித்துக் காட்டக்கூடும். ரங்கநாதன் தெருவில் கைகோத்து நடக்கும் பெண்கள் எத்தனை பேர், விடுதியில் ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிவிடும் தோழிகள் எத்தனை பேர்! இந்தக் கேள்விக்கு நம் பெண்களில் பாதிப்பேர் ஆம் என்றுதான் சொல்வார்கள். அதேபோல, "இதுவரை எத்தனை ஆண்களோடு, எத்தனை பெண்களோடு பழகியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், வாசலில் காவலாளி நின்ற மகளிர் கல்லூரியில் படித்தவள் இரண்டுக்கும் பூஜ்யம் என்றே எழுதுவாள். வாய்ப்பு இல்லாததையும் விருப்பம் இல்லாததையும் அந்தப் பூஜ்யத்தால் பிரித்துக் காட்ட முடியாது.

உருப்படியாக ஒன்றைச் செய்ய விரும்பினால், ஃப்ரிட்ஸ் கிளைன் என்ற மனநல மருத்துவர் 1978இல் வெளியிட்ட கட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். இதற்கு இணையமும் வேண்டாம். ஒரு தாளில் குறுக்காக ஏழு வரிசையும் நெடுக்காக மூன்று பத்தியும் போட்டால் போதும். வரிசைகளில் ஈர்ப்பு, நடத்தை, கற்பனை, மனம் ஒட்டுதல், யாரோடு பழகப் பிடிக்கிறது, எத்தகைய வாழ்க்கைச் சூழலில் இருக்கிறோம், தன்னை என்னவென்று கருதுகிறோம் என்ற ஏழையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்திகளில் கடந்த காலம், கடந்த ஓராண்டு, மனம் விரும்பும் நிலை என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 7 வரை ஓர் எண் இட வேண்டும்: எதிர்பாலினத்தவர் மட்டும் என்றால் 1, தன்பாலினத்தவர் மட்டும் என்றால் 7. இருபத்தொரு எண்களையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். எந்தெந்த வரிசைகளின் எண்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று மட்டும் பாருங்கள். என் தாளில் "நடத்தை" வரிசையும் "மனம் ஒட்டுதல்" வரிசையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நின்றன. எந்த க்விஸும் அதுவரை எனக்குச் சொல்லாத செய்தி அது.

கூடவே சில கேள்விகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரன் படங்களைத் திறக்கும்போது மனத்தில் எழுவது ஆவலா, சலிப்பா, அச்சமா? அந்த அச்சம் திருமணம் என்ற ஏற்பாட்டின் மேலா, படத்தில் உள்ளவர் ஆண் என்பதாலா? பத்தாண்டு கழித்து நீங்கள் இருக்கப்போகும் வீட்டைக் கற்பனை செய்தால் சமையலறையில் உங்களோடு நின்று பேசுபவர் யார்? பெயர் சூட்டிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். லிசா டயமண்ட் என்ற உளவியலாளர் எதிர்பாலீர்ப்பு அல்லாத ஏறத்தாழ 80 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்வு செய்தபோது, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரை ஒருமுறையாவது மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதில்: பூச்சிபிடிப்பவன்

நிலாமுற்றம் அக்கா உள்ளடக்கத்தைப் பற்றி எழுதிவிட்டதால், நான் என் தொழில் சார்ந்த பகுதியை மட்டும் எழுதுகிறேன். (மென்பொருள் சோதனையாளன் என்பதால்தான் இந்தப் புனைபெயர்.)

இலவசமாகக் கிடைக்கும் க்விஸ் தளம் எதைக் கொண்டு பிழைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஓடும் விளம்பர நிரல்கள், நீங்கள் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதைப் பதிந்துகொள்கின்றன. ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை அவர்கள் அறியாமலே அரசியல் பிரசாரத்துக்காகத் திரட்டிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரம் 2018இல் வெடித்தபோது, அதன் மூலமே ஓர் ஆளுமை க்விஸ் செயலிதான் என்பது பலருக்கு மறந்துவிட்டது. அந்தச் செயலியைத் தொட்டவர்களின் தகவல் மட்டுமன்றி அவர்களுடைய நண்பர்களின் தகவலும் சேர்ந்தே போனது. இந்தியாவில் மட்டும் சுமார் 5.6 லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே அறிவித்தது. உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வேறொரு ஆளுமை க்விஸ் செயலி வழியாகத் திரட்டிய ஃபேஸ்புக் விருப்பக்குறிகளை மட்டும் கொண்டு, ஓர் ஆண் தன்பாலீர்ப்பு உடையவரா இல்லையா என்பதை 88 விழுக்காடு துல்லியத்தோடு பிரித்துக் காட்ட முடிந்தது என்று அதில் எழுதினார்கள். நேரடியாகக் கேள்வி கேட்காமலே இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்றால், கேட்டு வாங்கிய பதிலின் மதிப்பு என்னவாக இருக்கும்!

ஆகவே ஃபேஸ்புக் அல்லது கூகுள் கணக்கின் வழியாக எந்த க்விஸிலும் நுழையாதீர்கள். "முடிவை மின்னஞ்சலில் பெறுங்கள்" என்று கேட்டால் பக்கத்தை மூடிவிடுங்கள். அலுவலக மடிக்கணினியில் திறக்கவே வேண்டாம். பார்த்த தளங்களின் பட்டியல் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். மறைமுகச் சாளரம், அதாவது இன்காக்னிட்டோ, கைப்பேசியில் வரலாற்றைச் சேமிக்காது என்பதோடு சரி. தளத்தின் கண்ணிலிருந்து உங்களை அது மறைப்பதில்லை. நம் வீடுகளில் உண்மையான ஆபத்து இவற்றைவிட அருகில் இருக்கிறது: தங்கையின் டேப்லெட்டிலும் உங்கள் கைப்பேசியிலும் ஒரே கூகுள் கணக்கு இருந்தால், நீங்கள் தேடியவை அங்கே தேடல் பெட்டியில் தாமாகவே வந்து நிற்கும்.

பதில்: வேளச்சேரி ஓய்வாசிரியர்

மகளே, உன் கேள்வியைக் கண்ணியமாக எழுதியிருக்கிறாய். நானும் அதே கண்ணியத்தோடு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில் எனக்குப் படுவது இது: இந்த க்விஸ்கள் இல்லாத ஐயத்தைப் பிள்ளைகள் மனத்தில் விதைக்கின்றன. கல்லூரித் தோழியின்மேல் பாசம் கொள்வது எல்லாருக்கும் நேர்வது. அதைத் தோண்டித் தோண்டிப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியும். பெரியவர்கள் பார்த்து வைக்கும் நல்ல வரன் அமைந்தால், இந்தக் குழப்பம் தானாகத் தெளியும் என்பது என் எண்ணம்.

பதில்: அண்ணா நகர் ஆலோசகர்

மனநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். முதலில் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தோண்டித் தோண்டிப் பார்ப்பது சிலருக்கு நல்லதல்ல என்ற அளவில் உங்களோடு உடன்படுகிறேன். அதைக் கீழே விளக்குகிறேன். ஆனால் ஐயத்தை க்விஸ் விதைப்பதாக நீங்கள் சொல்வதை என் அனுபவம் ஏற்கவில்லை. ஐயம் முன்பே இருப்பவர்தான் அதைத் தேடிப் போகிறார். இந்தப் பெண்ணும் தோழியின் திருமணத்தின்போது உணர்ந்ததை எந்த க்விஸும் கேட்பதற்கு முன்பே உணர்ந்துவிட்டார். திருமணத்தை மருந்தாகக் கொடுப்பதில் இன்னொரு குடும்பத்துப் பிள்ளையின் வாழ்க்கையும் பணயமாகிறது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே நீக்கிவிட்டது. அது நோயன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அறிவித்தது. நோயே இல்லாதபோது தெளிய வேண்டியது எது?

கொரட்டூர் வாசகிக்கு: க்விஸ் முடிவில் வரும் பத்தியைப் படிக்கும்போது "இது என்னையே சொல்கிறது" என்று தோன்றியிருக்கலாம். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, அனைவருக்கும் ஒரே பத்தியை "உனக்கென்று எழுதியது" என்று சொல்லிக் கொடுத்தார். அந்த வாக்கியங்கள் பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. மாணவர்கள் அதன் பொருத்தத்துக்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் கொடுத்தார்கள். வார ராசிபலன் படிக்கும் எவருக்கும் இதில் வியப்பு இருக்காது.

தீங்கு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஆனால் ஒரு சாராருக்கு உண்டு. என்னிடம் வருபவர்களில் அவர்களைப் பார்க்கிறேன். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில், கை கழுவுவதும் பூட்டைச் சரிபார்ப்பதும் மட்டும் அறிகுறிகள் அல்ல. "நான் தன்பாலீர்ப்பு உடையவனாக இருந்துவிட்டால்?" என்ற எண்ணம் வேண்டாத விருந்தாளியாக வந்து வாட்டுவதும், அதைத் தணிக்க ஒருவர் மீண்டும் மீண்டும் க்விஸ் செய்வதும், தெருவில் போகிறவர்களைப் பார்த்து உடல் என்ன உணர்கிறது என்று சோதிப்பதும் அதன் ஒரு வடிவம். முடிவு வந்ததும் சிறிது நேரம் நிம்மதி கிடைக்கும், பிறகு "சரியாகப் பதில் சொன்னேனா?" என்ற ஐயம் முளைக்கும், மறுபடியும் க்விஸ். எதிர்பாலீர்ப்பு உடையவருக்கும் இது வரும். தன்பாலீர்ப்பு உடையவருக்கு நேர்மாறான ஐயமாகவும் வரும். இங்கே சிகிச்சை வேண்டியது சுழற்சிக்குத்தான், ஈர்ப்புக்கு அன்று. உங்கள் எழுத்தில் அந்தத் தவிப்பு எனக்குத் தெரியவில்லை. தோழியை நினைக்கும்போது வருவது இனிமையும் ஏக்கமுமா, அல்லது அருவருப்பும் பதற்றமுமா என்பதை நீங்களே கவனித்துப் பாருங்கள். க்விஸ் செய்யாமல் சில வாரங்கள் இருக்க முடியாமல் தவித்தால், மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள்.

யாரைப் பார்ப்பது என்பதிலும் எச்சரிக்கை தேவை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவில், பாலியல் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். (அந்த நீதிபதி, இந்தப் பொருளைத் தாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குச் சென்றுவிட்டுத்தான் உத்தரவை எழுதினார். எங்கள் துறையில் சிலருக்கே இல்லாத பணிவு அது.) அத்தகைய முயற்சி மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. எனவே நேரம் வாங்கும்போதே தொலைபேசியில், "இதை மாற்ற வேண்டிய ஒன்றாகக் கருதுகிறீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள். நீங்கள் சொல்வதைப் பெற்றோரிடம் சொல்லாமல் காப்பது எங்கள் கடமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதற்கு வழி செய்துள்ளது. உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416 என்ற, டெலி மானஸ் எனப்படும் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சென்னையில் ஓரினம் என்ற தன்னார்வக் குழுவினர் பல ஆண்டுகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்துள்ள அனுபவங்களைப் படிப்பது, இன்னொரு க்விஸ் செய்வதைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பதில்: வேளச்சேரி ஓய்வாசிரியர்

நோயன்று என்பதை ஏற்கிறேன். திருமணத்தைப் பற்றி நான் சொன்னதில் மறுபக்கத்துப் பிள்ளையை நினைத்துப் பார்க்கவில்லை என்பதும் சரிதான். ஆனாலும், வீட்டில் ஒருவரிடமாவது பேசாமல் கைப்பேசியிடம் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. அதில் என் கருத்து மாறவில்லை.

கொரட்டூர் வாசகி

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்ன கட்டத்தை வரைந்து பாதி நிரப்பியிருக்கிறேன். "யாரோடு பழகப் பிடிக்கிறது" என்ற வரிசையில் எண் இடுவது எளிதாக இருந்தது. "மனம் விரும்பும் நிலை" என்ற பத்தியில்தான் பேனா நின்றுவிடுகிறது. ஐயா சொன்னதைப் போல வீட்டில் பேசும் நிலையில் நான் இப்போது இல்லை. வரன் பார்ப்பதை ஓராண்டு தள்ளிவைக்க வேண்டும் என்று மட்டும், வேலையைக் காரணம் காட்டி அம்மாவிடம் கேட்கப்போகிறேன். அது பொய்யாகிவிடுமோ என்றுதான் உறுத்துகிறது. இன்னொன்று: ஒரு தளத்தில் என் கூகுள் கணக்கு வழியாகவே நுழைந்திருந்தேன். இப்போது என்ன செய்வது?

பதில்: நிலாமுற்றம்

ஓராண்டு வேண்டும் என்பது உண்மைதானே? எதற்கு என்பதைச் சொல்லும் நாளை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். நின்றுபோன பத்தியை வெறுமையாகவே விடுங்கள். 

பதில்: பூச்சிபிடிப்பவன்

கூகுள் கணக்கின் அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதிக்குள், உங்கள் கணக்கோடு இணைந்துள்ள பிற செயலிகள், சேவைகளின் பட்டியல் இருக்கும். அந்தத் தளத்தின் பெயரைத் தொட்டு இணைப்பை நீக்குங்கள். இணைப்பை நீக்கினாலும் அவர்கள் முன்பே எடுத்துவைத்த தகவல் அழியாது என்பதால், தளத்தின் தனியுரிமைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு உங்கள் கணக்கையும் பதில்களையும் அழிக்கக் கோரி எழுதுங்கள். நம் நாட்டில் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த உரிமை எழுதப்பட்டுள்ளது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றிலும் இதற்கென்றே ஒரு படிவம் இருப்பதால், சட்டத்தை மேற்கோள் காட்டாமலே வேலை முடிந்துவிடும். அவர்கள் அனுப்பும் உறுதி மின்னஞ்சலின் தலைப்பு பூட்டிய திரையிலும் அறிவிப்பாகத் தெரியக்கூடும். எழுதுவதற்கு முன்பே ஜிமெயில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.